கோரம் இல்லை

எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழகத்தைப் பற்றி வெளியூர்க்காரன் எவனாவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வருஷக்கணக்காக அதை நம்பிக் கெட்டவன் நான். திட்டுகிற உரிமை எனக்குத்தான் உண்டு. அதனால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜகபர் அலி. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கழகத்துக்கு இருந்த ஒரே பந்து வாரத்தில் மூன்று நாள் என் கடைக்குத்தான் காற்றடிக்க வரும். அடித்த பந்தைத் தரையில் தட்டிப் பார்ப்பேன். நன்றாக எகிறும். அது மைதானத்தில் எப்படி எகிறுகிறது என்று ஒருநாள் பார்க்கப் போனேன். அவ்வளவுதான், ரசிகனாகிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

மாவட்ட லீக்கில் இருபத்தோரு வருஷமாகக் கழகம் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மைதானத்தில் இரண்டு கம்பங்கள். ஒன்றில் வளையம் இருந்தது. இன்னொன்றின் வளையம் பரிசீலனையில் இருந்தது. ஆகவே எங்கள் பையன்களுக்கு ஒரு திசையில்தான் பந்து போடத் தெரியும். வெளியூர் ஆட்டங்களில் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும், பழக்கதோஷத்தில் நம் கூடையிலேயே போட்டுவிட்டு நம்மைப் பார்த்துக் கையாட்டுவார்கள். நாங்களும் கையாட்டுவோம். பாவம், பிள்ளைகள்.

நல்ல ஆள் நாலு பேரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்கு ஆள் மாற வேண்டுமானால், ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக்குள் கழகம் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, படிவத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். முத்திரைத் தேதி தப்பினால் அடுத்த ஜனவரிதான். மற்ற ஊர்க் கழகங்கள் ஒரு மாதம் முன்பே ஓடியாடி ஆள் பிடிப்பார்கள். எங்கள் கழகம் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் இரண்டரைக்குக் கூடும். கூடி, கலையும்.

எண்பத்திரண்டில் திண்டிவனத்து ஆட்டக்காரர் ஒருவர் உத்தியோக மாற்றலில் எங்கள் ஊருக்கு வந்தார். காலணா வேண்டாம், சும்மா ஆடுகிறேன் என்றார். விண்ணப்பத்தில் தன் உயரத்தை ஆறடி என்று எழுதியிருந்தார். கமிட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரிட்டயரான சர்வேயர் ஒருவரை அழைத்தார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதென்று மனிதரைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி, செயின் போட்டு அளந்து, 'கிழமேலாக ஒன்பது லிங்க்' என்று சர்வேயர் எழுதிக் கொடுத்தார். ஒன்பது லிங்க் என்றால் எத்தனை அடி என்று கேட்டு மாவட்டத்துக்குக் கடிதம் போயிற்று. பதில் வருவதற்குள் அந்த மனிதருக்கு அடுத்த மாற்றல் வந்துவிட்டது.

எண்பத்து நாலில் முத்திரைப் பிரச்சினை. படிவம் நிரப்பி, கையெழுத்தும் ஆகி, ரப்பர் ஸ்டாம்பை ஓங்கும்போதுதான் செயலாளர் இளையபெருமாள் அதை முதல்முறையாகப் படித்துப் பார்த்தார். 'கூடைப்பத்துக் கழகம்' என்று இருந்தது. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. புது முத்திரை செய்ய வேண்டுமானால், முத்திரை செய்கிறவனுக்குக் கழகத்தின் முத்திரையிட்ட கடிதம் கொடுக்க வேண்டும். பிழையான முத்திரை இட்ட கடிதம் செல்லாது. சரியான முத்திரை கையில் இல்லை. அந்த வருஷமும் போயிற்று.

எழுதிக் கேட்டால் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். எங்கள் பக்கத்தில் ஆகாது என்பதை ஆவாது என்போம். ஆவனவும் ஆவாதும் அண்ணன் தம்பி என்பான் டீக்கடை ஹுசைன்.

ஹுசைன் கடை கழகத்தின் மாடிக்கு நேர் எதிரே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் பதினெட்டு இருபது ரசிகர்கள் அங்கே கூடிவிடுவோம். ஆள் வருவானா என்று பார்க்க இல்லை. அந்த ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. எதுவும் நடக்காது என்பது எங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் எந்தக் காரணத்தால் நடக்காது என்பதில்தான் பந்தயம். ஆளுக்கொரு காரணத்தைச் சிகரெட் அட்டையில் எழுதி ஹுசைனின் பிஸ்கட் ஜாடியில் போடுவோம். 'தலைவர் வெளியூர்' என்று ஒருவன் எழுதுவான். 'பீரோ சாவி' என்று ஒருவன். ஜெயித்தவனுக்கு டீயும் பன்னும், என் கடையிலிருந்து பழைய டியூப் கோத்த மாலையும் உண்டு. மற்ற ஊர் ரசிகன் தன் டீம் ஜெயிப்பதற்குக் கைதட்டுவான். நாங்கள் ஒன்றும் நடக்காததற்குக் கைதட்டுவோம். அதில் எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாக நினைப்பு வேறு. அந்த மாலை எனக்கு ஒரு வருஷமும் விழுந்ததில்லை.

எண்பத்தைந்தில் என் வாய்க்கொழுப்பால் ஒரு காரியம் நடந்தது. தலைவர் ராஜாராம் ரைஸ் மில் முதலாளி. அவர் பெண் கல்யாணத்துக்குக் கழகத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் அவர்களுக்கு எதிர் இலையில் நான். "இருபது வருஷமா இன்னா சார் கிழிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். செயலாளர் இளையபெருமாள் கோபிக்கவில்லை. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"குறை சொல்பவரை உள்ளே அழைத்துக்கொள்வது நமது கழகத்தின் மரபு. உள்ளே வந்த பிறகு அவர்கள் குறை சொன்னதாக வரலாறே இல்லை."

பந்தியிலேயே தீர்மானம் போட்டார்கள். அந்த வருஷம் என்னையும் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்த ஒரே கூட்டம் அந்தப் பந்திதான். நான் ஒன்பதாவது உறுப்பினர் ஆனேன். ரசிகர் பிரதிநிதி. கழகத்தின் கடிதத் தலைப்பில் கடைசியாக என் பெயரையும் அச்சடித்தார்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட உப்புக்குச் சப்பாணி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடையில் ஒட்டி வைத்தேன். அப்புறம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது.

ஒன்பது பேரில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள். அவர்கள் பெயரை எடுக்கவும் கூட்டம் கூடித் தீர்மானம் போட வேண்டும். பந்தியில் அதையும் முடித்துவிடலாமே என்றேன். "கல்யாண ஊட்ல சாவு பேச்சா பேசுவாங்க?" என்று தலைவர் அதட்டினார். நியாயம்தான். மிச்சத்தில் ஒருவர் துபாயில் இருந்தார், ஒருவர் தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஆக உயிரோடு, ஊரில், பேசிக்கொண்டு இருந்தவர்கள் நாலு பேர். என்னோடு ஐந்து. கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் இருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். முதன்முதலில் இளையபெருமாள் "கோரம் இல்லை" என்றபோது, "இன்னா சார், நம்ம டீம் ஆடுறதவுட கோரம் இன்னா வோணும்?" என்று நான் கேட்டு எல்லோரும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

இப்போது பச்சைமுத்துவுக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சொல்லத்தான் வேண்டும்.

பச்சைமுத்து சிங்கவரம் காலனிப் பையன். ஆறடி மூன்றங்குலம். பி.எஸ்ஸி. படித்தவன். காலேஜ் ஹாஸ்டலில் ஆடக் கற்றுக்கொண்டு வந்து எங்கள் கழகத்தில் சேர்ந்தான். இரண்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சீனியாரிட்டி என்றார்கள். நாற்பத்து நாலு வயசுக் கன்னியப்பன் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நடுவில் நிற்பார், இவன் பெஞ்சின் கடைசியில் துண்டு மடித்துக்கொண்டிருப்பான். காலனிப் பையன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சீனியாரிட்டி என்று ஒரு வார்த்தை கையில் இருக்கும்போது இன்னொரு வார்த்தை எதற்கு?

பண்ருட்டிக்காரர்களோடு நடந்த ஓர் ஆட்டத்தில் கன்னியப்பன் சுளுக்கிக்கொண்டு விழுந்துவிட்டார். கடைசி ஆறு நிமிஷம் வேறு ஆளில்லாமல் இவனை இறக்கினார்கள். பதினாலு பாயிண்ட் போட்டான். அதுவும் சரியான கூடையில். எதிர் டீம் அங்கே ஒரு முந்திரி கம்பெனியுடையது. கம்பெனிக்காரர் மறுவாரமே கடிதம் எழுதினார். பச்சைமுத்துவை எங்களுக்கு மாற்றிக் கொடுங்கள், குடோனில் நிரந்தர வேலை தருகிறோம். பதிலுக்கு அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும், உங்கள் மைதானத்துக்கு ஒரு இரும்பு வளையமும் அனுப்புகிறோம். கம்பெனியில் இருபத்தைந்து வயசுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. பச்சைமுத்துவுக்குச் சித்திரை வந்தால் இருபத்தைந்து முடிகிறது. இந்த ஜனவரி முப்பத்தொன்றை விட்டால் வேலையும் போச்சு.

அவனுக்கு அப்பன் ஆத்தா இல்லை. அக்கா சின்னப்பொண்ணு ஆட்டத்தின்போது அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, விற்பாள். தம்பியைப் படிக்க வைத்ததெல்லாம் அந்தக் கூடைதான். எங்கள் கழகத்தால் இந்த உலகத்தில் ஒருத்தருக்காவது நாலு காசு கிடைத்தது என்றால் அது அவளுக்குத்தான்.

எண்பத்தாறு ஜனவரி முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்பே கூட்ட அறிவிப்பு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன். ஜும்மா முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது என் மனைவி ஜாஹிதா கேட்டாள்:

"இன்னிக்கு மீட்டிங்காச்சே. போவலியா?"

"போயி இன்னா ஆவப் போவுது?" என்றேன்.

"ஆவுதோ ஆவலியோ, மெம்பருன்னு பேரு போட்டுக்கிட்டீங்க இல்ல?"

ஊறுகாய் எடுத்துவா என்றேன்.

இரண்டேகாலுக்கு ஹுசைன் கடையில் இருந்தேன். சிகரெட் அட்டையில் 'கோரம் இல்லை' என்று எழுதி ஜாடியில் போட்டேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அல்லா மேல் ஆணையாக உறைக்கவில்லை. தலைவரோடு பேச்சில்லாதவர், துபாய்க்காரர் என்று எண்ணினேனே தவிர, என்னை நான் எண்ணவே இல்லை. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்வார்கள். அந்த முட்டாள் நான்தான்.

எதிரே மாடிப்படியின் கீழே பச்சைமுத்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் சின்னப்பொண்ணு, கூடையோடு. ஒருவர் மாடி ஏறினார். "ஒண்ணு!" என்று கூவினோம். இன்னொருவர் ஏறினார். "ரெண்டு!" இளையபெருமாள் முத்திரைக்கான மைத்திண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "மூணு!" தலைவர் ராஜாராம் அம்பாசிடரில் வந்து இறங்கினார். "நாலு!" எங்கள் கைதட்டலைக் கேட்டுப் பச்சைமுத்து திரும்பிப் பார்த்தான். தனக்காகத்தான் தட்டுகிறோம் என்று நினைத்துவிட்டான். சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

கழக விதிப்படி கோரத்துக்காக அரை மணி நேரம் காத்திருக்கலாம். மூன்று மணிக்கு மேல் எமகண்டம் என்பதால் தலைவர் அதற்குப் பிறகு பேனாவைத் தொடமாட்டார். இரண்டே முக்கால் ஆயிற்று. ஐந்தாவது ஆள் வரவில்லை. ஹுசைன் ஜாடியைக் கவிழ்த்து என் அட்டையை எடுத்துவிட்டான்.

"பாய் அடிச்சிட்டாரு டோய்! கோரம் இல்ல!"

டியூப் மாலையை என் கழுத்தில் போட்டார்கள். அந்த நேரத்தில்தான் மாடி ஜன்னல் திறந்தது. இளையபெருமாள் தலையை நீட்டி, தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துக் கத்தினார்.

"பாய்! பாய்! யாராவது பாயைப் பார்த்தீங்களா? ஒரு கையெழுத்துதான் பாக்கி!"

எங்கள் தெருவில் பாய் என்றால் பத்துப் பேர் உண்டு, எந்தப் பாய் என்று படிக்கீழே நின்ற இரண்டு பேருக்கும் தெரியாது. அன்றைக்கு, இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக, அவர்கள் ஒரு காரியம் செய்யத் தயாராக இருந்தார்கள். மைத்திண்டில் மை ஊறியிருந்தது. பீரோ சாவி இருந்தது. முத்திரைகூடப் புதிது.

நான் குனிந்துவிட்டேன். பன் ஜாடிக்குப் பின்னால், கழுத்தில் டியூபோடு, நாற்பத்தொரு வயசு ஆம்பிளை, உட்கார்ந்துவிட்டேன். காதில் விழவில்லை என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். விழுந்தது. நான் எழுந்து போனால் கோரம் வந்துவிடும். கோரம் வந்தால் என் அட்டை தோற்கும். அத்தனை பேரும் சிரிப்பார்கள். அப்புறம், நான் போனாலும் இவர்கள் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்காமல் விடுவார்களா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவைத் தாண்ட இருபது அடி. மாடிக்குப் பதினாறு படி. கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "குந்துங்க பாய், தல தெரியுது" என்று ஹுசைன் தன் துண்டை என் மேல் போட்டு மூடினான். அந்தத் துண்டின் பால்வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. தூ, நானும் ஒரு மனுஷன்.

மூன்று அடித்தது. தலைவர் மாடி முகப்புக்கு வந்தார். அவருக்குப் பேச்சு என்றால் உயிர்.

"ரசிகப் பெருமக்களே! கோரம் இல்லாத காரணத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. சிலர் கேட்கலாம், நாலு பேர் கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்று. ஒரு பையனின் வாழ்க்கைக்காக விதியை வளைத்தால், நாளைக்கு விதிக்காக யார் வாழ்வது? மேலும், பெஞ்சில் இருக்கிற பையன்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் பெஞ்சு காலியாகிவிடும். போன வருஷம்தான் அதற்குப் பெயிண்ட் அடித்தோம். நாம் ஆட்டங்களில் தோற்றிருக்கலாம். ஆனால் விதிப்படி தோற்றிருக்கிறோம்! இளைஞர் பச்சைமுத்து விஷயத்தில் அடுத்த ஜனவரிக்குள் ஆவன செய்யப்படும்."

நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிப் பழகிய கை.

நாலு மணிக்குத் தபாலாபீஸ் கவுண்டர் மூடுகிறவரை பச்சைமுத்து அந்தப் படியை விட்டு நகரவில்லை. அதற்குள் நான் கடையைத் திறந்து, எதையோ கழற்றி எதையோ மாட்டிக்கொண்டிருந்தேன். நாலரைக்கு அக்காவும் தம்பியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பின்சக்கரத்துல காத்து இல்ல பாய்," என்றான். "சிங்கவரம் வரிக்கும் போவணும்."

பம்பை எடுத்துக் குனிந்து அடிக்க ஆரம்பித்தேன். குனிந்திருப்பது வசதியாக இருந்தது. சின்னப்பொண்ணு கூடையைக் கீழே வைத்தாள்.

"பாய், கோரம் இல்ல கோரம் இல்லன்றாங்களே. அது இன்னா பாய்? எங்க நைனா பஸ்ஸுல அடிபட்டுக் கெடந்தத பாத்தேன். மழைல ஊடு வுழுந்து அம்மா உள்ள மாட்டிக்கினத பாத்தேன். எங்கூட்ல இல்லாத கோரமா? இன்னும் இன்னா கோரம் வோணுமாம் அவுங்களுக்கு?"

"அது வேற கோரம்மா. அஞ்சு பேரு இருந்தாதான் மீட்டிங்கு செல்லும். நாலு பேருதான் வந்தாங்க."

"ஜன்னல்ல கூவுனாரே, அந்த அஞ்சாவது பாயி யாரு பாய்? சொல்லியிருந்தா நா போயி கால்ல வுழுந்து கூட்டியாந்திருப்பேனே."

பச்சைமுத்து கையில் ஒரு கடிதம் இருந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதைத் தெரிவித்து இளையபெருமாள் கையோடு கொடுத்திருந்தார். கழகத்தின் கடிதத் தாள். தலைப்பில் ஒன்பது பெயர்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பி.எஸ்ஸி. படித்தவன்.

"வெளியூரு," என்றேன். "வெளியூரு போயிட்டாராம்."

"அட பாவமே. ஊர்ல இருந்திருந்தா வந்திருப்பாரு," என்றாள் சின்னப்பொண்ணு. கூடையிலிருந்து இரண்டு கை மல்லாட்டையை அள்ளி என் பலகையில் வைத்தாள். "துன்னுங்க பாய். இன்னிக்கு விக்கவே இல்ல."

பச்சைமுத்து கடிதத்தை, பெயர்கள் உள்பக்கம் போகும்படி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டயரை அழுத்திப் பார்த்தான்.

"போதும் பாய். வாக்கா, நேரமாவுது."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனவன் நின்று திரும்பினான். ஏதாவது திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"பாய்," என்றான், "கழுத்துல டியூபு மாட்டிக்கினு இருக்குது."